பழைய 26 அங்குல எம்.டி.பி.யை விட்டுப் புதியதுக்கு மாறுவது எப்படி: அளப்பது முதல் பழையதை விற்பது வரை

26 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழோ எட்டோ, ரிம்மை இருபுறமும் கட்டையால் பிடிக்கும் வி-பிரேக், முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் ஃபோர்க். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய எம்.டி.பி., அதாவது மவுன்டன் பைக், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஊருக்குள் ஓட்ட அதற்கு இன்றும் ஒரு குறையும் இல்லை. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ ஏறி இறங்கத் தொடங்கும்போதுதான் அதன் எல்லை தெரியவரும். மழை பெய்தால் பிரேக் வழுக்கும். நீண்ட இறக்கத்தில் லீவரை அழுத்தியே விரல் மரத்துப்போகும். கல் பாதையில் ஃபோர்க் அடிமட்டம் வரை போய் இடிக்கும். அந்தக் கட்டத்தில் புதியது வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சைக்கிளிலிருந்து கழற்றிப் புதியதில் போடக்கூடியவை பெடல், சீட், ஹேண்டில் கிரிப், பாட்டில் கேஜ் ஆகிய நான்குதான். மற்ற எல்லா அளவுகளும் இடையில் மாறிவிட்டன. "இப்போதைக்கு நல்ல சக்கரமும் ஃபோர்க்கும் வாங்கிப் பழையதில் போட்டுக்கொள்வோம், அடுத்த வருஷம் ஃபிரேமை மாற்றுவோம்" என்று தவணை முறையில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். ஆகவே முடிவை முதலில் எடுங்கள், செலவைப் பிறகு தொடங்குங்கள்.

1. பழையதை அளந்து எழுதிவையுங்கள்

அரை மணி நேர வேலை. ஒரு டேப்பும், கிடைத்தால் ஒரு வெர்னியரும் போதும். கடைக்குப் போகும்போது இந்தத் தாள் கையில் இருந்தால் விற்பனையாளரின் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டியிருக்காது.

உடம்பு சார்ந்த அளவுகள் மூன்று. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) சுற்றும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை உள்ள உயரம். சீட்டின் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடு வரை உள்ள தூரம். தரையிலிருந்து கிரிப் வரை உள்ள உயரம். கூடவே, இந்த நிலையில் எங்கே வலிக்கிறது என்பதையும் எழுதுங்கள். மணிக்கட்டு மரத்தால், கழுத்து வலித்தால், அந்த அளவை அப்படியே புதியதில் கொண்டுவரக் கூடாது.

பிறகு பற்கள். முன் பல்சக்கரம் மூன்றிலும், பின்னால் உள்ள மிகச் சிறியதிலும் மிகப் பெரியதிலும் எத்தனை பற்கள் என்று பாருங்கள். எண் பொறித்திருக்கும், இல்லாவிட்டால் எண்ணிக்கொள்ளுங்கள். இது நான்காவது படியில் தேவைப்படும்.

2. பழையதைத் தேற்ற முடியுமா?

சில நேரம் முடியும். ஊருக்குள்ளும் தார்ச்சாலையிலும் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் செயின், ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி), கேபிள்கள், பிரேக் கட்டைகள், இரண்டு டயர் ஆகியவற்றை மாற்றினால் போதும். கூலியோடு சுமார் நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டு மூன்று வருஷம் நிம்மதியாக ஓடும். அதுவே உங்கள் தேவை என்றால் மேலே படிக்க வேண்டியதில்லை.

அதைத் தாண்டி ஃபோர்க், சக்கரம், டிஸ்க் பிரேக் என்று போக நினைத்தால் இந்தத் தடைகள் வரும்:

சக்கரம். 26 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ. 27.5-க்கு 584, 29-க்கு 622. பழைய ஃபிரேமில் 27.5 சக்கரத்தைத் திணித்துப் பார்ப்பவர்கள் உண்டு. ரிம் 12.5 மி.மீ. வெளியே தள்ளிவிடுவதால் வி-பிரேக் கட்டை ரிம்மில் பிடிக்காமல் டயரில் உரசும். பின்சக்கரத்தின் இருபுறமும் போகும் ஃபிரேம் குழாய்களுக்கு (செயின் ஸ்டே) நடுவே டயருக்கு இடமும் இருக்காது.

ஹப், அதாவது சக்கரத்தின் நடுவே அச்சு போகும் பகுதி. பழையது முன்னால் 100 மி.மீ., பின்னால் 135 மி.மீ. அகலத்தில், சின்ன லீவரால் கழற்றும் குயிக் ரிலீஸ். இன்றைய நடுத்தர எம்.டி.பி.யில் முன்னால் 110, பின்னால் 148 மி.மீ.; அச்சும் 15 மி.மீ., 12 மி.மீ. பருமனில் உள்ளே நுழைத்துத் திருகும் த்ரூ ஆக்ஸில். இது பூஸ்ட் எனப்படும். இவை ஒன்றுக்கொன்று பொருந்தாது. விலை குறைந்த புது மாடல்கள் சிலவற்றில் பின் ஹப் 141 மி.மீ. குயிக் ரிலீஸாக வருகிறது. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பிற்பாடு சக்கரம் மாற்றும்போது தெரிவு குறைவாக இருக்கும்.

ஃபோர்க். பழைய ஹெட் டியூப் (ஃபோர்க் நுழையும் ஃபிரேமின் முன் குழாய்) மேலிருந்து கீழ் வரை ஒரே பருமன், அதில் நுழையும் குழாய் 28.6 மி.மீ. இன்று நல்ல ஃபோர்க்குகள் அடியில் அகன்று சுமார் 40 மி.மீ. ஆகும் குழாயோடு வருகின்றன. பழைய ஃபிரேமில் அது நுழையாது.

டிஸ்க் பிரேக். ஃபிரேமில் கேலிப்பர் (பிரேக் பேடைத் தாங்கும் பகுதி) மாட்டுவதற்கான துளைகளும் ஹப்பில் ரோட்டர் (டிஸ்க் தட்டு) மாட்டுவதற்கான ஆறு துளைகளும் இல்லையென்றால் பேச்சே இல்லை. வெல்டிங் வைத்துத் துளை சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அலுமினிய ஃபிரேமில் வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி உலோகம் வலுவிழக்கும். பிரேக் பிடிக்கும்போது முழு விசையும் அந்த இடத்தில்தான் விழும்.

3. எந்தப் பாதையில் ஓட்டப் போகிறீர்கள்?

தார் மலைச்சாலை, மண் பாதை, ஏரிக்கரை, தோட்டத்து வழி என்று ஓட்டுகிறவர்களுக்கு முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டுடெயில் போதும். ஃபோர்க் 100 முதல் 120 மி.மீ. அசைந்தால் தாராளம். ஃபுல் சஸ்பென்ஷன் பாறையும் வேரும் நிறைந்த இறக்கத்தில் அருமையாக இருக்கும். ஆனால் அதே விலையில் கிடைக்கும் ஹார்டுடெயிலைவிட எடை கூடும், பின் இணைப்புகளின் பேரிங்குகளை மழைக்காலத்துக்குப் பிறகு பார்க்க வேண்டும், பின் ஷாக்கைச் சர்வீஸ் செய்யத் தெரிந்த கடை எல்லா ஊரிலும் இல்லை. முதல் முறை மாறுகிறவர்களுக்கு ஹார்டுடெயிலையே சொல்வேன்.

பாதை பற்றி ஒரு எச்சரிக்கை. நம் மலைகளில் நல்ல ஒற்றையடிப் பாதைகள் பல காப்புக்காட்டுக்குள் போகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது குற்றம், சைக்கிளையும் பறிமுதல் செய்யலாம். அனுமதி கிடைக்காத பாதையை மனத்தில் வைத்து இரண்டு லட்ச ரூபாய் சைக்கிளைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

4. கியர் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

புதிய எம்.டி.பி.யில் முன்னால் பெரும்பாலும் ஒரே பல்சக்கரம்; பின்னால் 9, 10 அல்லது 12. இவற்றை 1×9, 1×10, 1×12 என்று எழுதுவார்கள். கடையில் "முன்பு 21, இப்போது 12, ஆனால் வீச்சு அதிகம்" என்பார்கள். 12-க்கு அது உண்மை. எல்லா மாடலுக்கும் உண்மையல்ல. ஏற்றத்தில் கணக்குக்கு வருவது, ஒரு முழு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது, சைக்கிள் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதுதான். குறைவாக நகர்ந்தால் மிதிப்பது எளிது. முன் பற்களைப் பின் பற்களால் வகுத்துச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். 26×2.1 டயரின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர், 29×2.3 டயருக்குச் சுமார் 2.3 மீட்டர்.

பழைய 21 கியர் சைக்கிளில் முன்னால் 24, பின்னால் 28: ஒரு மிதிக்கு 1.77 மீட்டர்.
பழைய 24 கியரில் முன்னால் 22, பின்னால் 32: 1.42 மீட்டர்.
புதிய 1×9, முன்னால் 32, பின்னால் 42: 1.75 மீட்டர்.
புதிய 1×10, முன்னால் 32, பின்னால் 48: 1.53 மீட்டர்.
புதிய 1×12, முன்னால் 32, பின்னால் 51: 1.44 மீட்டர்.

இதில் தெரிவதைக் கவனியுங்கள். 21 கியர் வைத்திருந்தவர் 1×9-க்கு மாறினால் ஏற்றத்தில் ஒரு மாற்றமும் இல்லை. 22 பல் சின்னச் சக்கரம் இருந்த 24 கியர்க்காரர் 1×9 வாங்கினால் ஏற்றம் முன்பைவிடக் கடினமாகும். சக்கரம் பெரிதானதாலும் வந்த வித்தியாசம் இது. மூன்று பல்சக்கரத்தை ஒன்றாக்கியதால் மட்டும் வந்ததில்லை. இன்னும் கீழே போய் 1×8, பின்னால் 34 பல் என்று இருக்கும் மாடலில் 2.16 மீட்டர் வரும். அதை வைத்துக் கொல்லிமலை ஏறச் சொல்ல மாட்டேன்.

எண்ணை உடம்புக்குக் கொண்டுவந்து பாருங்கள். செங்குத்தான ஏற்றத்தில் நிமிஷத்துக்கு 60 மிதி தாக்குப்பிடிக்க முடிகிறது என்றால் 1.44 மீட்டர் கியரில் மணிக்கு 5.2 கி.மீ. வேகம் போதும். 1.77 மீட்டர் கியரில் அதே 60 மிதியைக் காப்பாற்ற மணிக்கு 6.4 கி.மீ. வேகத்தில் ஏற வேண்டும். முடியாவிட்டால் மிதி குறையும், முட்டியில் பாரம் ஏறும்.

மேல் முனையில் ஒரு இழப்பு உண்டு. 42-க்கு 11 இருந்த பழைய சைக்கிள் 80 மிதியில் மணிக்கு 38 கி.மீ. வரை போகும். 32-க்கு 11 என்றால் 32 கி.மீ.தான், 32-க்கு 10 என்றால் 35. நெடுஞ்சாலையில் குழுவாக வேகமாகப் போகிறவர்களுக்கு இது உறுத்தும். மலை ஏறுகிறவர்களுக்கு உறுத்தாது.

1×9 சைக்கிள்தான் பட்ஜெட்டுக்குள் வருகிறது என்றால் முன்னால் 32-ஐ எடுத்துவிட்டு 30 போட்டுத் தரச் சொல்லுங்கள். 1.64 மீட்டராகும். ஆனால் விலை குறைந்த கிராங்குகளில் பல்சக்கரம் கழற்ற முடியாதபடி ரிவெட் அடித்திருக்கும். பணம் கொடுக்கும் முன் கிராங்கைத் திருப்பி, போல்ட்டா ரிவெட்டா என்று பாருங்கள்.

ஃப்ரீஹப் விஷயமும் இதோடு சேர்ந்தது. கேசட், அதாவது பின் பல்சக்கரத் தொகுதி, ஏறும் பின் ஹப்பின் பகுதிதான் ஃப்ரீஹப்; அதற்கு இப்போது மூன்று வகை உண்டு: பழைய ஷிமானோ எச்.ஜி., ஷிமானோ 12-க்கான மைக்ரோ ஸ்பிளைன், ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்.டி. 10 பல்லில் தொடங்கும் கேசட் எச்.ஜி.யில் ஏறாது. இன்று 9 அல்லது 10 வாங்கி நாளை 12-க்குப் போகலாம் என்று திட்டமிட்டால், ஃப்ரீஹப் பாடி மாற்றக்கூடியதா என்று இன்றே கேளுங்கள். பதில் "இல்லை" என்றால் அன்றைக்கு முழுப் பின்சக்கரமும் மாற்ற வேண்டியிருக்கும்.

5. சைஸ்: பழைய எண்ணை நம்பாதீர்கள்

"என்னுடையது 18 இஞ்ச், அதே கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அந்த எண் சீட் குழாயின் நீளம் மட்டுமே. இப்போது வடிவமே வேறு: முன் ஃபோர்க் சாய்ந்து நிற்கிறது, ஃபிரேம் நீண்டிருக்கிறது, ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம் குட்டையாகிவிட்டது, ஹேண்டில்பார் அகலமாகிவிட்டது. பழையதில் ஸ்டெம் 90 முதல் 110 மி.மீ., ஹேண்டில்பார் 600 மி.மீ. சுற்று. புதியதில் ஸ்டெம் 40 முதல் 60, ஹேண்டில்பார் 740 முதல் 780.

நிறுவனத்தின் உயர அட்டவணையில் தொடங்குங்கள். பிறகு உட்கார்ந்து பார்த்து இரண்டு சோதனை செய்யுங்கள். மேல் குழாயின் இருபுறமும் காலூன்றி நின்றால் குழாய்க்கும் உடம்புக்கும் குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். சீட்டை நீங்கள் எழுதிவைத்த உயரத்துக்கு ஏற்றினால் சீட் போஸ்ட்டில் உள்ள குறைந்தபட்சக் கோடு ஃபிரேமுக்குள் மறைந்திருக்க வேண்டும். இரண்டு சைஸுக்கு நடுவே நிற்கிறீர்கள், பெரும்பாலும் சாலையிலும் ஏற்றத்திலும் ஓட்டுவீர்கள் என்றால் சிறியதை எடுங்கள். சிறியதைச் சற்று நீளமான ஸ்டெம்மால் சரிக்கட்டலாம், பெரியதைக் குறைக்க வழி அதிகம் இல்லை.

அகல ஹேண்டில்பார் நெரிசலில் இடிக்கிறது என்று வாங்கிய அன்றே வெட்டிவிடாதீர்கள். கிரிப்பையும் லீவரையும் இருபுறமும் 15 மி.மீ. உள்ளே தள்ளி இரண்டு வாரம் ஓட்டுங்கள். பிடித்திருந்தால் அப்போது வெட்டலாம்.

6. செலவு: சைக்கிள் விலையோடு முடிவதில்லை

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய ஸ்டாக்கில் ஒட்டியிருக்கும் விலையைக் காட்டிப் பேசினால், பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

விலை கடைக்குக் கடை மாறும், தோராயமாகச் சொல்கிறேன். ஹைட்ராலிக் டிஸ்க், ஸ்பிரிங் ஃபோர்க், 2×8 அல்லது 1×9 உள்ளவை நாற்பதிலிருந்து அறுபத்தைந்தாயிரம். காற்று ஃபோர்க் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்தது), 1×10 அல்லது 1×12 உள்ளவை எண்பதாயிரத்திலிருந்து ஒன்றே கால் லட்சம். ஃபுல் சஸ்பென்ஷன் இரண்டு லட்சத்தைத் தொட்டு மேலே.

இதற்கு மேல் பத்தாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை தனியாக எடுத்து வையுங்கள். ஹெல்மெட் பழையதாக இருந்தால் புதியது. தரையில் நிற்கும் ஏர் பம்ப்: புதிய சக்கரங்களில் பெரும்பாலும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு, பெட்ரோல் பங்கிலோ பங்க்சர் கடையிலோ உள்ள குழாய் அதில் உட்காராது. ஐம்பது ரூபாய் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே மாட்டி வையுங்கள், வெளியூரில் கைகொடுக்கும். காற்று ஃபோர்க் என்றால் தனியாக ஷாக் பம்ப் வேண்டும், டயர் பம்ப் ஆகாது. 29 அளவு ட்யூப் இரண்டு, மல்டி டூல் ஒன்று, டீரெயிலர் ஹேங்கர் ஒன்று. ஹேங்கர் என்பது பின் டீரெயிலரை (செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் பகுதி) ஃபிரேமோடு இணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அதுதான், மாடலுக்கு மாடல் வடிவம் வேறு. சைக்கிள் வாங்கும் அன்றே கூடுதலாக ஒன்று வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் வாரக் கணக்கில் காத்திருக்க நேரும். யூ.டி.எச். என்ற பொது வடிவ ஹேங்கர் உள்ள ஃபிரேம் கிடைத்தால் இந்தக் கவலை குறைவு.

தேய்மானச் செலவும் ஏறும். ஏழு கியர் ஃப்ரீவீல் சில நூறு ரூபாய். 12 கியர் கேசட் பல ஆயிரம். அதைக் காப்பாற்றும் வழி செயினை நேரத்துக்கு மாற்றுவதுதான். செயின் தேய்மானம் பார்க்கும் கருவி 11, 12 கியருக்கு 0.5 காட்டியதும் செயினை மாற்றுங்கள். 0.75 வரை விட்டால் கேசட்டும் சேர்ந்து போகும்.

சைக்கிளை ஆஃபீசுக்கும் ஓட்டுகிறவர்கள், கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு மாட்டத் துளை இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பல புதிய ஃபிரேம்களில் கிடையாது. காரின் மேல் முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் பழைய ரேக் வைத்திருந்தால் அதற்கும் 15 மி.மீ. ஆக்ஸில் அடாப்டர் வாங்க வேண்டும்.

7. கடையில் கையெழுத்திடும் முன். செகண்ட்ஹேண்ட் என்றால் இன்னும் கவனமாக

புதியதில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். ஃபோர்க் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெட்டியிலிருந்து எடுத்து அவசரமாகப் பூட்டும் இடங்களில் இந்தத் தவறு நடக்கிறது. முன் டிஸ்க் கேலிப்பர் இடப்பக்கம் ஃபோர்க்குக்குப் பின்னால் இருக்க வேண்டும். எந்த லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று தள்ளிப் பாருங்கள். நம் ஊர் சைக்கிளில் வலக்கை முன்சக்கரத்துக்கு என்று பழகியிருப்பீர்கள். வெளிநாட்டு அமைப்பில் வருபவற்றில் இடக்கைதான் முன்சக்கரத்துக்கு. ஹைட்ராலிக்கில் இதை மாற்ற ஹோஸைக் கழற்றி எண்ணெய் ஏற்ற வேண்டும், வாங்கும்போதே கேட்டால் கடையில் செய்துகொடுப்பார்கள். பழக்கம் மாறாமல் இறக்கத்தில் தவறான லீவரை அழுத்தினால் தலைகுப்புற விழ நேரும்.

செகண்ட்ஹேண்டில் விலை பாதியாகக் கிடைக்கும், ஆனால் பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் பார்க்க வேண்டும். சைக்கிளை முதலில் தலைகீழாக வையுங்கள். கிராங்க் சுற்றும் இடமான பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் சேற்றைத் துணியால் துடைத்தால் ஃபிரேம் எண் தெரியும். அரத்தால் தேய்த்த தடமோ மேலே தடித்த பெயின்ட்டோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். எண் சரியாக இருந்தால், ஹெட் டியூப்போடு கீழ்க்குழாய் சேரும் வெல்டிங்கின் அடிப்பக்கத்தையும் சீட் குழாயின் மேல் முனையையும் விரல் நகத்தால் தடவுங்கள். நகம் தடுக்கும் மெல்லிய கோடு, அதுவும் கருப்பாக அழுக்கேறிய கோடு, பெயின்ட் கீறலாக இல்லாமல் விரிசலாக இருக்கக்கூடும்.

பிறகு நிமிர்த்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் அசையுங்கள். ஹெட்செட்டில் (ஹெட் டியூப்பின் இரு முனையிலும் உள்ள பேரிங்) விரல் வைத்தால் ஆட்டம் தெரியும். ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் கீறல் இருந்தால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுக்கும், பழுதுச் செலவு பெரிது. கிராங்க் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடைசியாக ஒரு ஏற்றத்தில் சிறிய பின்பல்லில் எழுந்து நின்று மெதுவாகப் பாரம் ஏற்றி மிதியுங்கள். செயின் தாவினால் செயினும் கேசட்டும் தீர்ந்துவிட்டன. அந்த விலையைக் குறைத்துக் கேளுங்கள். கார்பன் ஃபிரேமைச் செகண்ட்ஹேண்டில் வாங்க வேண்டாம். உள்ளே உடைந்திருப்பது வெளியே தெரிவதில்லை.

8. காகிதங்கள்

சைக்கிளுக்குப் பதிவு எண் கிடையாது. ஆகவே அது உங்களுடையது என்பதற்கு ஆதாரம் பில் மட்டும்தான். ஜி.எஸ்.டி. பில்லில் மாடல், சைஸ், நிறம், ஃபிரேம் எண் நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். "ஒரு மவுன்டன் பைக்" என்று மட்டும் எழுதிய பில் வாரண்டிக்கும் உதவாது, திருடுபோனால் போலீஸ் புகாருக்கும் உதவாது. வீட்டுக்கு வந்ததும் ஃபிரேம் எண்ணையும் சைக்கிளின் வலப்பக்கத் தோற்றத்தையும் படமெடுத்துப் பில்லோடு சேர்த்து மெயிலில் போட்டு வையுங்கள்.

நிறுவன வாரண்டியை இணையத்தில் பதிய வேண்டியிருந்தால் அன்றே பதியுங்கள். ஃபிரேம் வாரண்டி பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும். ஆன்லைனில் பெட்டியாக வாங்குகிறவர்கள், அங்கீகரித்த கடையில் பூட்டினால்தான் வாரண்டி உண்டா என்று நிபந்தனையைப் படியுங்கள்.

செகண்ட்ஹேண்டில் முதல் பில்லின் நகல், விற்பவரின் அடையாள அட்டை நகல், ஃபிரேம் எண்ணும் தொகையும் தேதியும் போட்டு இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் ஆகிய மூன்றும் வேண்டும். பணத்தை யு.பி.ஐ.யில் அனுப்புங்கள், தடம் இருக்கும். பில் தொலைந்துவிட்டது என்பவரிடம் முதலில் வாங்கிய கடையின் பெயரைக் கேட்டு அந்தக் கடையில் விசாரியுங்கள்.

9. முதல் நாள்

பிரேக்கில் தொடங்குங்கள். புது டிஸ்க் பேட் முதலில் பாதிதான் பிடிக்கும். ஆளில்லாத சமதளச் சாலையில் மணிக்கு 20 கி.மீ. வரை போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகம் வரை குறையுங்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது முறை. இதைச் செய்யாமல் நேரே மலை இறங்காதீர்கள். ரோட்டரை விரலால் தொடாதீர்கள், செயினுக்கு அடிக்கும் ஸ்பிரே ஒரு துளிகூடப் பேடில் படக் கூடாது. பட்டால் பேட் கீச்சிடும், பிடிப்புப் போகும், பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது லீவரை அழுத்தவும் கூடாது. பேட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ரோட்டர் நுழையாது.

டயர் காற்று. பழைய வழக்கப்படி 50, 60 பி.எஸ்.ஐ. ஏற்றினால் அகல டயரின் பலனே கிடைக்காது. 70 கிலோ உள்ளவருக்கு 29×2.3 டயரில் ட்யூபோடு மண் பாதைக்கு முன்னால் 26, பின்னால் 29 என்று தொடங்கலாம். தார்ச்சாலை மட்டும் என்றால் 35 வரை. ட்யூப்லெஸ் என்றால் அதிலிருந்து மூன்று நான்கு குறைக்கலாம். ட்யூப்லெஸ்ஸில் ஒரு டயருக்கு, ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் 100 மி.லி. வேண்டும். நம் வெயிலில் அது சீக்கிரம் காயும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வால்வைத் திறந்து பாருங்கள்.

காற்று ஃபோர்க்கை உங்கள் எடைக்கு அமைக்க வேண்டும். குழாயில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளி, ஓட்டும் உடையோடும் பையோடும் மெதுவாக ஏறி நின்று, குலுங்காமல் இறங்குங்கள். 120 மி.மீ. ஃபோர்க்கில் வளையம் 24 மி.மீ. நகர்ந்திருந்தால் 20 சதவீதம், சரி. அதிகம் நகர்ந்தால் காற்று ஏற்றுங்கள், குறைவாக நகர்ந்தால் இறக்குங்கள்.

பெடல் மாட்டும்போது இடப்பக்கத்துக்கு எதிர்த்திசை மரை என்பதை மறக்காதீர்கள். கையால் மூன்று சுற்றுத் தானாக ஏறினால் மட்டும் ஸ்பானர் எடுங்கள். வற்புறுத்தி ஏற்றினால் அலுமினியக் கிராங்கின் மரை ஒரே நாளில் போய்விடும்.

10. முதல் மூன்று மாதம், பழையதின் விற்பனை

முதல் மாதத்திலேயே கியர் சரியாக விழாமல் கடகடக்கும். கேபிளும் உறையும் அமர்ந்துகொள்வதால் வருவது இது, பழுதல்ல. இலவசச் சர்வீஸ் பெரும்பாலும் இதற்காகத்தான், நாள் தவறவிடாதீர்கள். அப்போதே ஸ்போக் இழுவை, ஸ்டெம் போல்ட், கிராங்க் போல்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெம்மில் இறுக்க அளவு பொறித்திருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர். ஃபோர்க்கின் கீழ்ப்பகுதிக்கு எண்ணெய் மாற்றும் இடைவெளி கையேட்டில் இருக்கும். ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்குகளுக்கு 50 மணி நேர ஓட்டம். வாரம் ஐந்து மணி நேரம் ஓட்டினால் பத்தே வாரம், ஆகவே வாங்கும் கடையில் அதைச் செய்யத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய சைக்கிளை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடக் கடைகள் அழைக்கும், கிடைக்கும் தொகை சொற்பம். முதல் சர்வீஸ் முடிந்து புதியது சரியாக ஓடுகிறது என்று தெரியும் வரை பழையதை வைத்திருங்கள். பிறகு முழு சைக்கிளாகவே விற்றுவிடுங்கள், பிரித்து விற்றால் 26 அங்குல உதிரிபாகங்களைக் கேட்டு வருபவர் குறைவு. பள்ளி, கல்லூரி திறக்கும் ஜூன் மாதத்தில் கேட்பார் இருப்பார்கள். சீட்டையும் பெடலையும் புதியதுக்கு எடுத்துக்கொண்டிருந்தால், புதியதில் வந்தவற்றை இதில் பூட்டுங்கள். வாங்குகிறவரிடம் ஃபிரேம் எண் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.